சோம்பு காயப்போட்ட ஞாயிறு

கேன்டீனில் அவளுக்கு மோப்பக்கா என்று பெயர். யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மூணாவது அண்டா அடிப்பிடிக்குது, கிளறுங்கடி" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே வருவாள். கிளறிப் பார்த்தால் அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருக்கும். நேற்று நறுக்கி மிச்சமான வெங்காயத்தை இன்றைய வெங்காயத்தோடு கலந்து வைத்தால், அந்தப் பக்கமாக நடந்து போகும்போதே நின்றுவிடுவாள்.

அந்த மூக்கு செத்துப் போய் அன்றோடு எண்பத்து மூன்று நாள்.

சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். நாலு நாள் படுத்தாள், ஐந்தாம் நாள் எழுந்தாள். காய்ச்சல் போகும்போது மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதல் வாரம் சளி என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் ஆவி பிடித்தாள். மூன்றாவது வாரம் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்தாள். "சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது" என்றார் அவர், பேருந்தைப் பற்றிச் சொல்வதுபோல. நாக்குக்கு உப்பு தெரிந்தது, புளிப்பும் கசப்பும் தெரிந்தன. மற்றதெல்லாம் ஈரத் துணியை மெல்வது மாதிரி இருந்தது.

வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. கணவர் மெக்கானிக். பெட்ரோலையும் கிரீஸையும் தவிர வேறு வாசனை உலகத்தில் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. கேன்டீனில் சொல்ல வழியே இல்லை. அங்கே ஒரு விதி உண்டு: தலைமைச் சமையல்காரர் ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் திறந்து முகர்ந்து பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாப்பாடு வெளியே போக வேண்டும். இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து நானூறு பேர் சாப்பிடும் தொழிற்சாலை. பாத்திரம் கழுவ வந்து, காய் நறுக்கி, மாவு பிசைந்து, இருபத்தோரு வருடத்தில் அந்தக் கையெழுத்துவரை வந்து சேர்ந்தவள் அவள். மூக்கில்லாத தலைமைச் சமையல்காரிக்கு மூடியைத் திறக்கும் வேலை எதற்கு?

திங்கட்கிழமை கேன்டீனை எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரர் வருகிறார். தொழிற்சாலைக்குப் பின்னால் கட்டிய பெரிய சமையலறைக்கு மூன்று வருடத்துக்குத் தலைமைச் சமையல்காரர் யார் என்று எழுதிக் கையெழுத்தாகப் போகிறது. "பேப்பர்ல உங்க பேருதான் அடிச்சிருக்கு, வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று போனில் சொல்லியிருந்தார். நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தம்பி மனைவி இவள் சமையலறையில் உட்கார்ந்திருக்கப் போகிறாள்.

தம்பி மனைவியும் அதே கேன்டீனில்தான் வேலை, இரண்டாவது சமையல்காரி. அங்கே அவளுக்குப் பட்டாசு என்று பெயர். காரணம் கேட்க வேண்டாம். ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்றால் போதும். வருடா வருடம் சோம்புச் செடி மலிவாக வரும் பதினைந்து நாளில் இருவருமாக இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் காயப்போட்டு வைப்பார்கள். இலை ஒரு ஜாடி, வெங்காயம்போல் திரண்ட அடிக்குமிழைச் சீவிக் காயவைத்தது இரண்டு ஜாடி. சூப்புக்கு, மீனுக்கு, உருளைக்கிழங்குக்கு என்று அடுத்த வருடம்வரை வரும். பன்னிரண்டு வருடமாக நடக்கிற வேலை. இந்த வருடம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். பட்டாசு ஏன் என்று கேட்க ஆரம்பித்தால் பதில் கிடைக்கும்வரை நிறுத்த மாட்டாள்.

புதன்கிழமையே செடி வாங்கியாகிவிட்டது. அன்றைக்கே இலைகளைத் தண்டிலிருந்து கிள்ளி, அலசி, துணியில் உதறி, விரல் கனத்துக்குச் சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, பின்னறையில் வெயில் படாத இடத்தில் குறுக்காகக் கட்டிய கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். பதினான்கு கட்டு. பாதிக்கு மேல் கட்டித் தொங்கவிட்டது பட்டாசுதான். மோப்பக்கா குமிழ்களின் வேரை நறுக்கி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்த இலையை உருவி ஜாடியில் போட வேண்டும், குமிழைச் சீவி ஓவனில் வைக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் பட்டாசு வந்தாள். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துவிட்டாள்.

"அடேங்கப்பா! தெருமுனை வரைக்கும் மணக்குது அண்ணி. உங்களுக்கு இந்த வீட்டுல எப்படித்தான் தூக்கம் வருதோ!"

"பழகிடுச்சுடி" என்றாள் மோப்பக்கா. இந்த எண்பத்து மூன்று நாளில் அவள் கண்டுபிடித்த பதில்களில் மிக நல்ல பதில் இதுதான். எதற்கும் பொருந்தும்.

மூக்கு இல்லாமல் சமாளிப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. தராசு, கடிகாரம், காது. குமிழைக் காகிதம்போல் சீவி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, தட்டோடு எடை பார்த்துச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். ஈரம் போனபின், தட்டைக் கழித்த எடை பத்தில் ஒரு பங்குக்கு வர வேண்டும். ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை முழுக்க மூடாமல் மரக்கரண்டியின் காம்பைக் கொடுத்து வைத்தாள், ஈரம் வெளியேற. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணியடிக்கும்படி சின்னக் கடிகாரத்தை முறுக்கி மேடையில் வைத்தாள்.

"அது எதுக்கு அண்ணி?"

"எது?"

"மணி. போன வருஷம் வரைக்கும் உங்க மூக்குதானே நமக்கு மணி? 'எடுடி, இனிப்பு வாசனை மாறப் போகுது'ன்னு பின்னறையில இருந்தே கத்துவீங்களே."

"வயசாகுதுல்ல. நடுவுல மறந்துட்டா?"

"நீங்களாவது மறக்கறதாவது" என்றாள் பட்டாசு. சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் துடைத்ததாக மோப்பக்காவுக்குத் தோன்றியது.

பயந்தவளுக்கு எல்லாமே தோன்றும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அது மூக்கைவிடப் பெரிய காரணம்.

பத்து நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்டுக்குத் தேநீர் போடும்போது, மோப்பக்கா பால் அண்டாவின் மூடியைத் திறந்து, எப்போதும்போலக் குனிந்து முகர்ந்து, "ஊத்துங்க" என்றாள். பால் கெட்டிருந்தது. பாலை அவள் என்றைக்கும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. அன்று வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்திருந்தால், ஏன் பார்க்கிறாள் என்று யாராவது நினைத்திருப்பார்கள். அதனால் பார்க்கவில்லை. இருபது பேருக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதிவேட்டைப் புரட்டியபோது அந்த வரியில் இருந்தது பட்டாசின் கையெழுத்து. மோப்பக்காவின் கை மாவாக இருக்கும்போது பட்டாசு போடுவது வழக்கம். ஒப்பந்தக்காரர் பட்டாசுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னொன்று வந்தால் வேலை போகும்.

கடிதம் கொடுத்த அறையில் மோப்பக்காவும் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

பட்டாசும் அன்று எதுவும் சொல்லவில்லை. வெடிக்காத பட்டாசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் ஓட்டியாகிவிட்டது.

முதல் தட்டு ஓவனிலிருந்து வந்தது. சூடாக இருக்கும்போது துண்டு வளையும், ஆறியபின்தான் முறியும். இரண்டு நிமிடம் விட்டு ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து உடைத்தாள். 'டொக்' என்றது. தராசும் அதையே சொன்னது. சரியாக இருந்தது. இரண்டாவது தட்டும் சரியாக இருந்தது. பட்டாசு பக்கத்து வீட்டுக்காரியின் புது மாப்பிள்ளை, பேருந்தில் ஏறிய ஆடு, தன் புருஷன் வாங்கி வந்த சட்டை என்று பேசிக்கொண்டே போனாள். மோப்பக்காவின் தோள் மெதுவாக இறங்கியது. மூன்றாவது தட்டை வைத்தாள். ஓவன் இந்நேரம் நன்றாகச் சூடேறியிருந்தது. சீவும்போது சில துண்டுகள் மெலிந்துபோயிருந்தன. இரண்டையும் அவள் கணக்கில் எடுக்கவில்லை.

கணவர் கொல்லைப்புறத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னம்மா, ஏதோ தீயுது?"

மோப்பக்கா ஓடினாள். ஓவன் கதவை இழுத்தாள். தட்டின் ஓரம் முழுக்கக் கறுத்திருந்தது. கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிடம் பாக்கி.

"எனக்கே தெரியுதுன்னா பாத்துக்கோ" என்றார் கணவர் பெருமையாக. "மோப்பக்கா வீட்டுல மெக்கானிக் மோப்பம் பிடிச்சிருக்கான்! உன் தம்பி வந்தா சொல்லணும் இதை."

அவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார். மோப்பக்கா கருகிய துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கினாள். அப்போதுதான் அது உறைத்தது. ஓவனுக்குப் பக்கத்தில், இரண்டடி தூரத்தில், இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தது பட்டாசு. கொல்லைப்புறத்தில் கார் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த மனுஷனுக்குத் தெரிந்த நெடி அவளுக்குத் தெரியாமல் போகுமா? அவளுக்குச் சளியும் இல்லை. காலையில் வாசலிலேயே மூச்சை இழுத்தாளே.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பட்டாசு குமிழ் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

தெரிந்துதான் சும்மா இருந்திருக்கிறாள்.

இவள் வந்தது சோம்பு காயப்போட இல்லை. சோதிக்க வந்திருக்கிறாள். நாளைக்கு ஒப்பந்தக்காரர் எதிரில் போய் நின்று, 'அவங்களுக்கு வாசனையே தெரியாது சார்' என்று சொல்ல வேண்டுமானால் கையில் ஏதாவது வேண்டும். கருகினது போதாது, யாருக்கும் ஒரு தட்டு கருகும். இன்னும் ஏதோ இருக்கிறது. எங்கே?

"இலையை உருவிடலாமா அண்ணி?" என்றாள் பட்டாசு. குரல் சாதாரணமாக இருந்தது. "காஞ்சிருக்கும்."

பின்னறையில் பதினான்கு கட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. மோப்பக்கா கயிற்றிலிருந்து அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தாள். கீழே விரித்த வெள்ளைத் துணி, நடுவில் அகலமான கிண்ணம். ஒருத்தி எதிரில் ஒருத்தி. நுனியைப் பிடித்துத் தலைகீழாக உருவினால் இலை பொடிந்து கிண்ணத்தில் விழும், காம்பு கையில் நிற்கும்.

முதல் கட்டு. காய்ந்திருந்தது, சரசரவென்று விழுந்தது. பட்டாசு பேசினாள். "அந்த ஆடு கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேட்ட மாதிரியே நின்னுச்சு அண்ணி." இரண்டாவது கட்டு. மூன்றாவது. மோப்பக்கா ஒவ்வொன்றையும் எடுத்து, ஒரு கணம் முகத்தருகே கொண்டுபோய், எதுவும் இல்லாத காற்றை இழுத்து, தலையை ஆட்டிவிட்டு உருவினாள். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி வெளிறிய பச்சை, ஒரே மாதிரி மயிரிழை இலை.

நான்காவது. "புருஷன்னா இப்படியா சட்டை வாங்குவாரு? ரெண்டு பேரு உள்ள போலாம்." ஐந்தாவது. "நான் சொன்னேன், ஒரு கையில நீங்க நுழைஞ்சுக்கோங்க, இன்னொரு கையில..."

மோப்பக்கா ஆறாவது கட்டை எடுத்தாள்.

பட்டாசின் பேச்சு நின்றது.

வாக்கியத்தின் நடுவில் நின்றது. இன்னொரு கையில் யார் நுழைய வேண்டும் என்று சொல்லவில்லை. மோப்பக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை. பன்னிரண்டு வருடத்தில் பட்டாசு தானாக நிறுத்தியதை அவள் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடுவாள். இந்தக் கட்டுதான்.

ஆனால் இதில் என்ன? கண்ணுக்கு அதே இலை. விரலில் அதே பொடி. முகத்தருகே கொண்டுபோனாள், நேரத்தை நீட்டிக்க. மருந்து ஏதாவது தெளித்திருக்கிறாளா? மண்ணெண்ணெயா? சாப்பிடுகிற பொருளில் அவள் அதைச் செய்ய மாட்டாள். அப்படியானால் இது சாப்பிடுகிற பொருள்தான். சோம்பு மாதிரியே இருந்து சோம்பாக இல்லாதது. புதன்கிழமை வாங்கிய கடையைக் கண்ணுக்குள் கொண்டுவந்தாள். சோம்புச் செடி சாக்கில் குவிந்திருந்தது, அதன் பக்கத்துக் கூடையில் சதகுப்பை. இரண்டுக்கும் இலை ஒன்றுபோலவே இருக்கும், அக்கா தங்கை மாதிரி. காம்பைக் கிள்ளிவிட்டால் பெற்றவளே குழம்புவாள். பிரித்துச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. மூக்கு.

"ஏன்டி" என்றாள் மோப்பக்கா. கட்டைக் கிண்ணத்தின் மேல் கொண்டுபோகாமல் மேசையில் தனியாக வைத்தாள். "இது நம்ம தழை இல்லையே."

"பின்ன?"

"சதகுப்பை. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா, இல்ல நீ கட்டும்போது பாக்கலையா?"

பட்டாசின் முகம் கலங்கியது. தண்ணீர்ப் பாத்திரத்தில் கை விட்டதுபோல முழுக்கக் கலங்கியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று மோப்பக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மூன்று வருடம். கையெழுத்து. எல்லாம் கைக்கு வந்துவிட்டது.

"நான் மகாபாவி அண்ணி" என்றாள் பட்டாசு கைகளுக்குள்ளிருந்து. "அந்தக் கட்டை நான்தான் வச்சேன். வேணும்னே வச்சேன். தட்டு கருகும்போதும் வேணும்னே வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்கு மூக்கு போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"சரி விடு."

"எப்படி விடறது? அந்தப் பால்ல இருந்து மண்டைக்குள்ள இதேதான் ஓடிட்டு இருந்துச்சு. நீங்க முகர்ந்து பாத்த பால் எப்படிக் கெட்டிருக்கும்? உங்களுக்குத் தெரியலைன்னாத்தான் முடியும்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது. நீங்க பாக்கும்போது பால் நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் என்னமோ பண்ணியிருக்கேன்."

"நீ என்னடி பண்ணே?"

"அதான் தெரியலை! முந்தின நாள் பாலை எடுத்து அதுல ஊத்திட்டேனா? அண்டாவைச் சரியாக் கழுவலையா? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் அண்ணி, ஒண்ணுமே ஞாபகம் வரலை. பண்ணதுகூட ஞாபகம் இல்லாம ஒருத்தி நானூறு பேருக்குச் சமைக்கலாமா? இருபது பேரு வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்தாங்களே. கடிதத்தைப் பத்தி உங்க தம்பிகிட்டகூட நான் சொல்லலை. அநியாயமா வந்த கடிதம்னு நினைச்சதால சொல்லலை. நியாயமாத்தான் வந்திருக்கு." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இன்னொரு கடிதம் வர்றதுக்கு முன்னாடி நானே நின்னுடறேன். நாளைக்கு அவர் வர்றாருல்ல, சொல்லிடறேன்."

எதிரில் இருப்பவள் செய்யாத தப்பைத் தன் கையில் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். 'அவசரப்படாதே, ரெண்டு நாள் யோசி' என்று சொல்லலாம். சொன்னால் நல்லவள் மாதிரியும் இருக்கும். 'நான் பேசறேன் அவர்கிட்ட, உன்னை விட்டுட மாட்டேன்' என்றுகூடச் சொல்லலாம். புதுச் சமையலறையில் இவளை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூடியைத் திறக்கும்போதும் இவள் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். மூன்று வருடம்.

வாய் அதற்குள் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"பால் கெட்டுத்தான் இருந்துச்சு."

"என்ன அண்ணி?"

"நான் மூடியைத் திறக்கும்போதே கெட்டுத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியலை. நீ நினைச்சது சரிடி. காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது."

பட்டாசு அவளை முறைத்துப் பார்த்தாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "சும்மா இருங்க. சதகுப்பைன்னு பேரோட சொன்னீங்களே?"

"நீ பேச்சை நிறுத்துனியே."

"அதுக்கு?"

"நீ வாயை மூடுனா அங்க ஏதோ இருக்குன்னு அர்த்தம். அந்தக் கடையில சோம்புக்குப் பக்கத்துல இருந்தது சதகுப்பை. அவ்வளவுதான். மூக்கால கண்டுபிடிக்கலை. உன் வாயாலதான் கண்டுபிடிச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். பட்டாசு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"பத்து நாள்" என்றாள். "பத்து நாளா நான் தூங்கலை. அந்த ரூம்ல நீங்க என் பக்கத்துல நின்னுட்டு இருந்தீங்க. அவரு என் கையில கடிதத்தைக் குடுக்கும்போது ஜன்னலைப் பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"இப்பக்கூட, ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடிகூட, என்னை ஏமாத்துனீங்க. 'இது நம்ம தழை இல்லையே'ன்னு. என்ன நடிப்பு! என்னையே நான் சந்தேகப்பட வச்சுட்டீங்களே."

"ஆமாடி."

"ஆமா ஆமான்னு சொல்லாதீங்க! ஒரு சண்டைகூடப் போட விடாம..." அவள் குரல் உடைந்தது. "கேன்டீன்ல அந்தப் பன்னிரண்டு அடுப்புல ஒண்ணுல கேஸ் கசிஞ்சிருந்தா? யாரோ வத்திக்குச்சி உரசியிருந்தா? அதை யோசிச்சீங்களா?"

மோப்பக்கா யோசித்திருந்தாள். தினமும் யோசித்திருந்தாள். மாலையில் எல்லோரும் போனபின் பன்னிரண்டு திருகுகளையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்த போனை எடுத்தாள். ஒப்பந்தக்காரரின் எண்ணை அழுத்தினாள். ஒரு தடவை தவறாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள்.

"என்ன பண்றீங்க?" என்றாள் பட்டாசு.

"உக்காரு."

அவர் சாப்பாட்டில் இருந்தார்போல. பின்னால் தட்டுச் சத்தமும் குழந்தைச் சத்தமும் கேட்டன. "சொல்லுங்க மோப்பக்கா, நாளைக்குத்தானே?" என்றார் வாயில் ஏதோ வைத்துக்கொண்டு. அவள் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. பால் அண்டாவைத் திறந்து பார்த்தது நான், ஊற்றச் சொன்னது நான், என் தம்பி மனைவி என் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு மூன்று மாதமாக வாசனை தெரியாது, மறைத்துவிட்டேன். மறுமுனையில் தட்டுச் சத்தம் நின்றது. குழந்தையை யாரோ உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

"மூணு மாசமா?" என்றார் அவர்.

"எண்பத்து மூணு நாள் சார்."

பிறகு வந்த குரல் கேன்டீனில் கேட்கும் குரல் இல்லை. கணக்கதிகாரியிடம் பேசும் குரல். "நாளைக்கு அடுப்புப் பக்கம் போகாதீங்க. நேரா ஆபீசுக்கு வாங்க, இப்பச் சொன்னதை எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்கறேன். புதுக் கிச்சன் பேப்பர்ல வேற ஆளைத்தான் போடணும், உங்களுக்கே தெரியும். டாக்டர் சீட்டு கொண்டு வாங்க. காய் நறுக்கற பக்கம் இடம் இருக்கான்னு பாக்கலாம், உறுதி சொல்ல முடியாது." வைக்கப்போனவர், மறுபடி, "ஏன் மோப்பக்கா?" என்றார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

காய் நறுக்கும் பக்கம். பதினாறு வருடத்துக்கு முன்னால் எழுந்துவந்த இடம்.

"என்ன சொன்னாரு?" பட்டாசு நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"உன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறாராம்."

"அதைக் கேக்கலை. உங்களுக்கு?"

"அடுப்புப் பக்கம் வராதேன்னாரு."

பட்டாசு தோளில் பையை மாட்டினாள். கதவுவரை போனாள். செருப்பில் ஒரு காலை விட்டாள். அங்கேயே நின்றாள். கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்க மேல எனக்குக் கோபம் போகலை. சொல்லிட்டேன். இன்னும் எத்தனை நாளைக்குப் போகாதுன்னு எனக்கே தெரியலை."

"சரி."

"உள்ள நாலாவது தட்டு சீவி வச்சது அப்படியே கிடக்கு. காத்துல கறுத்துப் போயிடும்."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

"என்னத்தைப் பாத்துப்பீங்க, மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக்கிட்டா?" செருப்பை உதறிவிட்டுத் திரும்ப வந்தாள். பையைக் கழற்றவில்லை, தோளில் அது தொங்கத் தொங்கத் தட்டை எடுத்து ஓவனில் வைத்தாள், சூட்டைக் கொஞ்சம் குறைத்தாள். மேசைக்கு வந்து, உருவியிருந்த இலையில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் கசக்கி முகர்ந்து பார்த்தாள். மீதிக் கட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து வலப்பக்கம் நகர்த்தினாள். இருவரும் உருவினார்கள். காய்ந்த இலை விழும் சத்தம் மட்டும் இருந்தது.

பதினோராவது கட்டில் மோப்பக்கா கையை நிறுத்தினாள்.

"இந்த வருஷத்துது எப்படி இருக்கு?" என்றாள். "வாசனை."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? எப்படி நல்லா இருக்கு? சொல்லு."

பட்டாசு கிண்ணத்தைத் தூக்கி முகத்தை அதற்குள் விட்டாள். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி முகர்ந்தாள். ஊரிலுள்ள எல்லாவற்றுக்கும் வார்த்தை வைத்திருந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"சோம்பு மாதிரிதான் இருக்கு அண்ணி" என்றாள் கடைசியில், அழுகை முட்டும் குரலில். "வேற எப்படிச் சொல்றது? சோம்பு மாதிரி இருக்கு."